பரணுக்குக் கீழே ஒரு ஸ்டூல்

ஆரணியில் கட்டட வடிவமைப்புப் பொறியாளர் என்று போர்டு மாட்டி உட்கார்ந்தால் முதல் ஆறு மாதம் வாஸ்து கேட்கத்தான் வருவார்கள். எனக்கும் அப்படித்தான். படிக்கட்டு எந்த மூலையில் வரணும், தொட்டி ஈசானியத்தில் இருக்கலாமா என்று கேட்பார்கள். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஈசானியம் எந்தப் பக்கம் என்பதே எனக்குச் சந்தேகம். சென்னையில் ஏழு வருடம் தொழிற்சாலைக் கொட்டகைகளுக்கு இரும்பு பீம் கணக்குப் போட்டவளைப் பார்த்து இதைக் கேட்கிறார்களே என்று எரிச்சலாக வரும். எனக்கு எரிச்சல் கொஞ்சம் சீக்கிரமே வரும்.

அப்படி இருந்தபோது வாஸ்து கேட்காமல் வந்தவர் ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். அவரும் அவர் கணவரும் வாடகைக் கொட்டகையில் நாலு பட்டுத் தறி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தமாக மனை வாங்கிக் கொட்டகை போடப் போகிறார்கள். அக்கா கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் தறி எங்கே, தறிக்கு மேலே நிற்கும் ஜக்கார்டு பெட்டி எவ்வளவு உயரம், தார்க்குச்சியில் நூல் சுற்றும் ராட்டைகள் எங்கே என்று அடிக்கணக்கில் எழுதியிருந்தார். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

"ராட்டைக்கு மேல ஒரு பரண் வேணுங்க. நூல் மூட்டை, பழைய அச்சு, பண்ணைன்னு தறிச் சாமான் எல்லாம் அதுல போகணும். பரண் இந்தப் பக்கம் மட்டும்தான் நீட்டணும். அந்தப் பக்கம் நீட்டினா ஜக்கார்டு இடிக்கும். நடுவுல தூணே இருக்கக் கூடாது. பாவு நூல் சுத்துன உருளையத் தூக்கிகினு ரெண்டு பேர் திரும்பணும்" என்றார்.

இருபது அடி நீளத்துக்கு ஒரே பீம். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நாலடி நீட்டிக்கொண்டு பரண். அதற்குக் கீழே இரண்டு பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து ராட்டை சுற்றுவார்கள். தாளில் அவர்களுக்கும் அக்கா இரண்டு வட்டம் போட்டிருந்தார்.

ஒரு பீமின் மேல் பாரம் நேராக உட்கார்ந்தால் அது வளையும். பாரம் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தால் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் பார்க்கும், ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. வளைவதை 'ப' வடிவ இரும்புச் சேனல் ஒன்று எவ்வளவு எதிர்க்கும் என்பதெல்லாம் எஃகு அட்டவணைப் புத்தகத்தில் இருக்கிறது. முறுக்குவதை எவ்வளவு எதிர்க்கும் என்பது என்னிடம் இருக்கும் பழைய புத்தகத்தில் இல்லை. அதிலும் இரண்டு சேனலை எதிரெதிராக வைத்து ஒட்டிய பெட்டிக்கு நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண்ணுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஜே. நான் கம்ப்யூட்டரைத் திறந்து, பட்டியலில் 'மூடிய பெட்டி' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஜே தானாக வந்தது. முறுக்கின் காரணமாகப் பரணின் விளிம்பு நாலு மில்லிமீட்டர் தாழும் என்று விடை சொன்னது. வரைபடத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த ஊரில் என் முதல் முறுக்குக் கணக்கு அது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வேலை எடுத்தவர் புறவழிச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் அண்ணன். ஊரில் பாதித் தறிக் கொட்டகைகள் அவர் கையால் நிற்பவை. பேச்சு குறைவு, வேலை சுத்தம்.

ஒரு புதன்கிழமை, வேலை முடிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று அக்கா கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தறியில் ஏற்றப் பட்டுப் பாவு வருகிறது என்றும் சொன்னார். பழைய இடத்தைக் காலி செய்தாயிற்று. நாலு தறியும் பிரித்த கட்டைகளாகப் புதுக் கொட்டகையின் மூலையில் கிடந்தன. பாவு வந்து இறங்கிவிட்டால் அங்கே பீடி பற்றவைக்கக்கூட விடமாட்டார்கள்.

கொட்டகை அழகாக இருந்தது. பீமுக்கு நீலப் பெயின்ட். பரணுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அக்கா என்னை உட்கார வைத்து, கையில் டீ கொடுத்தார். அப்போது அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார். நான் டீயை ஊதிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன்.

பீமின் அடியில், இரண்டு சேனலும் சந்திக்கிற கோட்டில், பெயின்டில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. ஒரு சாண் நீளம் ஓடி நின்றுவிட்டது. அடுத்த ஒரு சாண் வழவழவென்று இருந்தது. அதற்கடுத்த ஒரு சாண் மறுபடி வெடிப்பு. சுவரிலிருந்து சுவர் வரை இதே கதைதான்.

டீயைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று ஸ்கூட்டி சாவியால் வெடிப்பைச் சுரண்டினேன். பெயின்ட் உரிந்தது, உள்ளிருந்து வெள்ளைப் பட்டி பொடியாக உதிர்ந்தது. சாவி உள்ளே போனது. பிடி வரைக்கும் போனது.

அங்கே வெல்டிங்கே இல்லை. ஒரு சாண் வெல்டிங், ஒரு சாண் இடைவெளி, இடைவெளியில் பட்டி, அதன் மேல் நீலம். நான் மூடிய பெட்டி என்று கணக்குப் போட்ட பொருள் உலகத்திலேயே இல்லை. கீழே இறங்கினேன். ஸ்டூலைப் பரணுக்கு வெளியே தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். டீயைத் திரும்ப எடுக்கவில்லை.

அக்கா போனை வைத்துவிட்டு வந்து, "எல்லாம் சரியாங்க?" என்றார்.

"பாத்துட்டேன்க்கா" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆபீசுக்கு வரும் வழியெல்லாம் வெல்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். பட்டி பூசி மறைக்கிறாரா? எவ்வளவு துணிச்சல்! வந்ததும் முதல் வேலையாக வரைபடத்தை எடுத்து விரித்தேன், அவர் எதை மீறினார் என்று விரல் வைத்துக் காட்ட. இரண்டு சேனல் எதிரெதிராக இருந்தன. நீளம், உயரம், ஓட்டையின் விட்டம் எல்லாம் இருந்தது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெல்டிங் குறி மட்டும் இல்லை. தொடர்ச்சியாக வேண்டும் என்று ஒரு வரி இல்லை. பெட்டி என்றால் மூடித்தானே இருக்கும் என்று நான் நினைத்திருக்கிறேன். அவர் வாழ்நாளெல்லாம் செய்த பெட்டியை அவர் செய்திருக்கிறார். திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கி என் மேலேயே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூடிய பெட்டி என்றால், தகடுகளின் நடுக்கோடு சுற்றி வளைக்கிற பரப்பை வர்க்கப்படுத்தி, நாலால் பெருக்கி, ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் தடிமனால் வகுத்துக் கூட்டியதால் வகுக்க வேண்டும். மூன்று கோடியே முப்பத்தெட்டு லட்சம் வந்தது. திறந்த சேனல் என்றால், ஒவ்வொரு தகட்டுக்கும் நீளத்தைத் தடிமனின் கனத்தால் பெருக்கி மூன்றால் வகுத்துக் கூட்ட வேண்டும். இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். கிட்டத்தட்ட இருநூறில் ஒரு பங்கு. இரும்பு அதே இரும்பு, எடை அதே எடை. விளிம்பு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் அதுவேதான்.

இரண்டாவது ஜேயை வைத்துப் பரணின் கணக்கைப் போட்டால், பீம் முப்பது டிகிரிக்கு மேல் திரும்பும் என்று வந்தது. அது அபத்தம். அவ்வளவு திரும்புவதற்கு முன்னால் ஏதாவது பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

இங்கேதான் மனசு வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தது. பாதி தூரம் வெல்டிங் இருக்கிறதே, அப்படியானால் உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோதானே இருக்கும்? ஊரில் எத்தனை பரண் யாருடைய கணக்கும் இல்லாமல் நிற்கிறது? வாஸ்து கேட்கிற ஊரில் இப்போதுதான் நாலு பேர் நம்பி வர ஆரம்பித்திருக்கிறார்கள், அந்தப் பொம்பளை இன்ஜினியர் போட்ட பீம் கோணிக்கிச்சாம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசுவார்களே? சும்மா, 'பரணில் அதிகம் பாரம் ஏற்றாதீங்க அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதாதா? ஞாயிறு காலை பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொல்வது எனக்குப் பழக்கம்தான். தனியாக நின்று, இன்ன பீமில் இன்ன தப்பு என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்வது அப்படி இல்லை.

நடுவில் எங்கோ என்றால் எங்கே? அதற்கு என்னிடம் எண் இல்லை. எண் இல்லாத இடத்துக்குக் கீழே நான் ஆளை உட்கார வைக்க மாட்டேன். அவ்வளவுதான் விஷயம். பேப்பரை மடித்துப் பையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அந்தப் பெட்டி மூடியாக வேண்டும்.

வியாழன் காலை பட்டறை திறந்ததும் போய் நின்றேன். போகிற வழியில் பிளம்பிங் கடையில் இரண்டு முழம் பிவிசி பைப் வாங்கி இரண்டாக வெட்டிக்கொண்டேன்.

"அண்ணா, அந்தப் பீமை முழுசா வெல்டு பண்ணணும். விட்டு விட்டு வச்சது போதாது. தப்பு என்னுதுதான், படத்துல நான் எழுதல."

அவர் முகம் சுருங்கியது. "மேடம், முப்பது வருஷமா நான் இப்படித்தான் பண்ணிகினு இருக்கேன். முழுசா ஓட்டினா சூட்டுல சேனலு வில்லு மாதிரி வளைஞ்சிடும். ஜாண் விட்டு ஜாண் வச்சாத்தான் நேரா நிக்கும். எந்தக் கொட்டாயாவது விழுந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம்."

"விழல. நீங்க பண்ணதெல்லாம் தூணுண்ணா. தூணுக்கு இது சரி. இது முறுக்கிக்கிற பீம்."

பேசிப் புரிய வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு பைப்பை அவர் கையில் கொடுத்து முறுக்கச் சொன்னேன். இரும்பு தூக்கிப் பழகிய கை, ஆனாலும் பைப் அசையவில்லை. இன்னொன்றை ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துக் கொடுத்தேன். துண்டு மாதிரி முறுக்கிக்கொண்டது. அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

அடுத்து அவர் செய்ததை நான் யோசித்திருக்கவே இல்லை. அலமாரியிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, கிழித்த பைப்பில் நாலு விரல் விட்டு நாலு விரல், தன் வெல்டிங் மாதிரியே ஒட்டினார். மறுபடி முறுக்கினார். முன்பு போல அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. ஆனால் டேப் இல்லாத இடங்களில் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஓரத்து டேப் சுருங்கிப் பிய்ந்தது, அதற்கடுத்தது பிய்ந்தது.

அவர் பைப்பை பெஞ்ச் மேல் வைத்தார். "நடுவுல ஒரு பைப்பத் தூணா நட்டுடலாமா?"

"அக்கா ஒத்துக்க மாட்டாங்க. பாவு உருளை திரும்பாது."

"அண்ணாந்து வெல்டு பண்ணணும். பொறியெல்லாம் மேலதான் கொட்டும்" என்றார். பிறகு அவராகவே, "வளையாம நான் பாத்துக்கறேன். இந்தக் கோடில ஒரு ஜாண், அந்தக் கோடில ஒரு ஜாண், மேல கொஞ்சம், கீழ கொஞ்சம். ஆற விட்டு ஆற விட்டுப் பண்ணணும். ஜல்தி பண்ணா பேஜாராயிடும்" என்றார்.

"நாளைக்கு மூணு மணிக்கு பாவு வருது."

"அப்ப இன்னா நின்னுகினு இருக்கீங்க? வண்டிய எடுங்க."

அக்கா கொட்டகையில் தறிக் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேசினால் தைரியம் போய்விடும் என்று பயம். பீம் பார்க்கத்தான் பெட்டி, நிஜத்தில் பெட்டி இல்லை, முழுசா ஒட்டச் சொல்லி நான் எழுதவில்லை, இப்படியே விட்டால் பரண் சாயலாம், நாளை மதியத்துக்குள் சரி செய்துவிடுகிறோம் என்றேன். வெல்டர் அண்ணன் பின்னால் நின்றார். கடைசி வரை நகரவில்லை.

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு வெல்டரைப் பார்த்தார். "நாளைக்கு மூணு மணிக்கு மேல இங்க ஒரு பொறி பறக்கக் கூடாது. பட்டு. கல்யாணப் புடவைக்குப் போட்ட பாவு" என்றார். அவ்வளவுதான். தறிக் கட்டைகள் மேல் தார்ப்பாய் போர்த்தி, தண்ணீர் வாளி இரண்டு கொண்டுவந்து வைத்தார்.

அன்றும் மறுநாள் காலையும் அண்ணன் செய்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் பட்டியை எல்லாம் சுரண்டி எடுத்து, விளிம்பு பளபளக்கத் தேய்த்தார். மேலே உள்ள கோட்டைப் பரண் மேல் மண்டியிட்டுப் போட்டார். கீழே உள்ளதைக் கழுத்தை ஒடித்துக்கொண்டு போட்டார். கழுத்தில் சுற்றிய துண்டு ஓட்டை ஓட்டையாகிவிட்டது. ஒரு சாண் முடிந்ததும் இறங்கி, தண்ணீர் குடித்து, மறுகோடிக்கு ஏணியை மாற்றுவார். சேனல் வளைகிறதா என்று நான் நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வளையவில்லை. எத்தனை பேர் அவரை வெறும் வெல்டர் என்று சொல்கிறார்கள் என்று நினைத்தால் கோபமாக வந்தது. சாவி நுழைய ஒரு இடம் கிடைக்கிறதா என்று இருபது அடியும் தடவிப் பார்த்தேன். எங்கேயும் நுழையவில்லை.

வெள்ளி பதினொரு மணிக்கு, களம்பூர் அரிசி மில்லில் வேலை பார்க்கும் என் மாமா சொல்லி அனுப்பிய வண்டியில் இருபத்து நாலு நெல் மூட்டை வந்து இறங்கியது. பரண் தாங்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்ட பாரம் சரியாக அவ்வளவுதான். பீமின் அடியிலிருந்து ஒரு தூக்குக் குண்டும், பரணின் விளிம்பிலிருந்து இன்னொன்றும் தரையைத் தொடாமல் தொங்கவிட்டேன். பீம் வளைந்தால் இரண்டும் ஒரே அளவு இறங்கும். விளிம்புக் குண்டு கூடுதலாக இறங்குகிறதே, அதுதான் முறுக்கு.

மூட்டை ஏற்றும்போது பரணுக்குக் கீழே யாரையும் விடவில்லை. ஏற்றியவர்கள் சுவர் ஓரம் போட்ட சாரத்தில் நின்று பரணுக்குள் தள்ளினார்கள். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. ஒவ்வொரு ஆறுக்கும் நிறுத்தி, வாசலில் கொஞ்சம் நின்று, உள்ளே போய் ஸ்கேல் வைத்து அளந்தேன். இருபத்து நாலும் ஏறியதும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அண்ணன் கிழிந்த துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

பீமின் குண்டு ஏழு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. விளிம்புக் குண்டு பன்னிரண்டு. வித்தியாசம் ஐந்து. கணக்கு சொன்னது நாலு. அந்த ஒன்று பரணின் கைகள் தாமே கொஞ்சம் வளைந்ததில் போயிருக்கும். மூட்டைகளை இறக்கியதும் இரண்டு குண்டும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தன. நான் சந்தோஷத்தில் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் வெட்கப்பட்டார்.

இரண்டு மணிக்குத் தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமி படம் மாட்டினார்கள். அக்கா டீ கொண்டு வந்தார். அதே பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் நின்றார்.

"புதன்கிழமை இத நான் பரணுக்குக் கீழ போட்டேன். போன் பேசிகினு திரும்பிப் பாத்தா, நீங்க வெளியத் தள்ளிப் போட்டுகினு உக்காந்திருந்தீங்க. டீயையும் குடிக்கல."

எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"அப்பவே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு. வீட்டுக்காரரு, இன்ஜினியரம்மாவுக்கு போன் போடுன்னாரு. வேணாம், அவங்களே வந்து சொல்றாங்களான்னு பாப்போம்னேன். வரலன்னா பரணையே அறுத்துப் போட்டிருப்பேன். அந்த ராட்டைல உக்காரப் போறது என் ரெண்டு பொண்ணுங்க."

நோட்டுத் தாளில் அவர் போட்டிருந்த இரண்டு வட்டங்கள் யார் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

நான் அவர் கையிலிருந்து ஸ்டூலை வாங்கினேன். பரணுக்கு நேர் கீழே, முதல் வட்டம் இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவர் டீயை நீட்டினார். வாசலில் பாவு வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. அக்கா போகவில்லை. நான் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.